கோர்ல சேர்க்கலாமா, வெளியில விடலாமா?

கேள்வி: நான் ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் பாத்துக்கறேன். ஒருத்தர் பெரிய ஃபீச்சர் ஒண்ணு எழுதி புல் ரிக்வெஸ்ட் (இதைச் சேத்துக்குங்கன்னு கேட்டு அனுப்பற கோட்) போட்டிருக்கார். கோட் சுத்தமா இருக்கு, டெஸ்ட் கூட எழுதியிருக்கார். ஆனா இதை கோர்ல, அதாவது ப்ராஜெக்ட்டோட மூல கோட்லயே, சேர்க்கணுமான்னு தயக்கமா இருக்கு, வேண்டாம்னா அவர் மனசு நோகுமேன்னும் இருக்கு. என்ன பண்றது?

பதில்: உங்க தயக்கம் நியாயமானதுதாங்க. கோட் நல்லா இருக்காங்கறதை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, மெர்ஜ் பண்ணி கோர்ல சேத்துட்டா அன்னையிலருந்து அது உங்க பொறுப்பு, எழுதினவர் வேற வேலைக்குப் போயிட்டாலும் பக் ரிப்போர்ட் உங்களுக்குத்தான் வரும், ஒவ்வொரு ரிலீஸ்லயும் அது உடையாம நீங்கதான் பாத்துக்கணும். அதனால ரெண்டு வருஷம் கழிச்சு இதை யாரு பாத்துப்பாங்கன்னு முதல்ல கேளுங்க.

உள்ள விட்டதை வெளிய எடுக்கறது எவ்வளவு கஷ்டம்னு பைத்தான் ப்ரோக்ராமிங் லாங்குவேஜைப் பாத்தா தெரியும். அதோட கூடவே வர்ற ஸ்டாண்டர்ட் லைப்ரரில காலாவதியான, கவனிக்க ஆளில்லாத மாட்யூல்களைத் தூக்கணும்னு 2019ல பெப் 594ங்கற மாற்ற முன்மொழிவை எழுதினாங்க, சிஜிஐ, டெல்நெட்லிப் எல்லாம் சேத்து 19 மாட்யூல் கடைசியா வெளிய போனது 2024ல வந்த 3.13 வெர்ஷன்லதான். அவ்வளவு பெரிய ப்ராஜெக்ட்டுக்கே அஞ்சு வருஷம்!

அதுக்காக எல்லாத்துக்கும் கதவைச் சாத்தணும்னு இல்ல. போஸ்ட்கிரெஸ்ங்கற டேட்டாபேஸ்ல டெக்ஸ்ட் சர்ச் ரொம்ப நாள் கான்ட்ரிப் மாட்யூலா, அதாவது கோர்ல சேராத துணை மாட்யூலா, வெளியில இருந்துட்டு 2008ல 8.3 வெர்ஷன்ல கோருக்குள்ள வந்துச்சு. அதே போஸ்ட்கிரெஸ்ல மேப் வேலைக்கு எல்லாரும் தேடிப்போற போஸ்ட்ஜிஐஎஸ் இன்னைக்கும் தனி எக்ஸ்டென்ஷன்தான், அதுக்குன்னு தனி டீம், தனி ரிலீஸ், அதனால அது ஒண்ணும் குறைஞ்சு போயிடல.

நீங்களும் இதை வெளியில இருந்தே செய்ய முடியுமான்னு பாருங்க. முடியலன்னா என்ன தடுக்குது? ஒரு ஹூக் (வெளி கோட் வந்து மாட்டிக்கற இடம்) இல்லாததுதான் பிரச்சனைன்னா அந்த ஹூக்கை மட்டும் கோர்ல சேருங்க, அவர் ஃபீச்சர் தனியா இன்ஸ்டால் பண்ணிக்கற ப்ளக்இன்னா அவர் பேர்லயே வரட்டும், உங்க டாக்குமென்டேஷன்ல அதுக்கு லிங்க் கொடுங்க. பாதிக்கு மேல யூசர்ஸ் அதைத் தேடி இன்ஸ்டால் பண்றாங்க, அவரும் கூடவே நின்னு பாத்துக்கறார்னா அப்போ உள்ள கொண்டுவாங்க, அவரையும் மெயின்டெய்னரா சேத்துக்குங்க.

மனசு நோகறதைப் பத்திக் கேட்டீங்களே, வேண்டாம்னு காரணத்தோட சொன்னா பெரும்பாலும் யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. பதிலே சொல்லாம மாசக்கணக்கா புல் ரிக்வெஸ்ட்டைத் திறந்தே போட்டு, நடுநடுவுல இதை மாத்து அதை மாத்துன்னு வேலை வாங்கிட்டு கடைசில மூடினாதான் வலிக்கும். இந்த வாரமே அவருக்கு எழுதிடுங்க. அப்படியே, பெரிய ஃபீச்சர்னா கோட் எழுதறதுக்கு முன்னாடி ஒரு இஷ்யூ (விவாதப் பதிவு) திறந்து பேசுங்கன்னு, பங்களிக்கறவங்களுக்கு வழி சொல்ற கான்ட்ரிப்யூட்டிங் ஃபைல்ல ஒரு வரி சேத்துடுங்க.