மூன்று ஆண்டு கடந்த வரி பாக்கி திவாலில் தீருமா?

கேள்வி: அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் மளிகைக் கடை நடத்தி நொடித்துப்போனேன். 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளுக்கும் மத்திய வருமான வரி பாக்கி இருக்கிறது. 2020-க்கு நான் ரிட்டர்ன் தாக்கல் செய்யாததால் ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க மத்திய வரித்துறை) தானே வரியைக் கணக்கிட்டு விதித்தது. அதன் பிறகே ரிட்டர்ன் அனுப்பினேன். 2021-க்கு அவகாசம் வாங்கி 2022 அக்டோபரில் தாக்கல் செய்தேன். அதைத் தணிக்கை செய்து 2025 மே 5 அன்று கூடுதல் வரி விதித்தார்கள். மூன்று ஆண்டு கடந்துவிட்டால் எல்லாம் தள்ளுபடி என்கிறார் மைத்துனர். உடனே திவால் மனு போடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: மைத்துனர் சொன்ன மூன்று ஆண்டுக் கணக்கு சட்டத்தில் இருப்பதுதான், ஆனால் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை வேறு இரண்டு உள்ளன. சாப்டர் 7 மனுவில் (சொத்தை விற்றுக் கடனடைத்து மீதியைத் தள்ளுபடி செய்யும் திவால் வகை) வருமான வரி தள்ளுபடியாக வேண்டுமானால், ரிட்டர்னுக்கான கடைசி நாள் (அவகாசம் வாங்கியிருந்தால் அது முடியும் நாள்) கழிந்து மூன்று ஆண்டுகளும், நீங்கள் உண்மையில் தாக்கல் செய்து இரண்டு ஆண்டுகளும், ஐ.ஆர்.எஸ். அந்த வரியை விதித்துப் பதிவு செய்து 240 நாட்களும் மனு போடும் நாளுக்கு முன்பே கடந்திருக்க வேண்டும். பொய்க் கணக்கோ வேண்டுமென்றே செய்த வரி ஏய்ப்போ இருந்தால் எத்தனை ஆண்டு கடந்தும் பயனில்லை. இவற்றை ஒவ்வோர் ஆண்டின் வரிக்கும் தனித்தனியாகப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

முதலில் 2021. அக்டோபர் 15 அந்த முறை சனிக்கிழமையில் வந்ததால் கடைசி நாள் 2022 அக்டோபர் 17 ஆயிற்று. ஆகவே மூன்று ஆண்டு 2025 அக்டோபர் 17-இல் நிறைவடைகிறது. தணிக்கையில் விதித்த தொகைக்கோ 240 நாட்களை மே 5-இலிருந்து எண்ண வேண்டும். அது டிசம்பர் 31-இல்தான் முடிகிறது. நவம்பரிலேயே மனு போட்டால், ரிட்டர்னில் நீங்களே காட்டிய வரி தீர்ந்து, தணிக்கைத் தொகை மட்டும் உங்கள் தலையில் நிற்கும். 2026 ஜனவரி இரண்டாம் வாரம் வரை பொறுப்பது நல்லது. வீட்டுக்கு வந்த கடிதத்தின் தேதியை வைத்து எண்ணாதீர்கள், ஐ.ஆர்.எஸ். இணையதளத்தில் அந்த ஆண்டுக்கான அக்கவுண்ட் டிரான்ஸ்கிரிப்டை (உங்கள் வரிக் கணக்கின் பதிவு நகல்) எடுத்து, 300 என்ற குறியீட்டு எண் உள்ள பதிவில் இருக்கும் தேதியைப் பாருங்கள். இடையில் தொகையைக் குறைக்கக் கோரிச் சமரச விண்ணப்பம் கொடுத்திருந்தால், அது நிலுவையில் இருந்த காலமும் அதன்மேல் 30 நாட்களும் 240-உடன் கூடும்.

2020 பற்றி நம்பிக்கை தர என்னால் இயலவில்லை. ஐ.ஆர்.எஸ். வரி விதித்த பிறகு அனுப்பும் ரிட்டர்னைச் சட்டத்துக்கு இணங்கும் நேர்மையான முயற்சியாகப் பெரும்பாலும் கொள்ள முடியாது, ஆகவே அது தள்ளுபடிக்கு உதவாது என்று, நியூ ஜெர்சியை உள்ளடக்கிய மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல் இத்தகைய ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. டெக்சாஸ் அடங்கிய ஐந்தாம் வட்டத்தில் நிலைமை இன்னும் கடுமை: 2012 தீர்ப்பின்படி, காலம் தாழ்த்தி அனுப்பிய ரிட்டர்ன், ஒரு நாள் தாமதமானாலும், தள்ளுபடிக்கு உதவாது. சட்டம் ஒன்றாக இருக்க, குடியிருக்கும் மாநிலத்தைப் பொறுத்துக் கடன் தீர்வதும் தீராததும் எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் உங்கள் வழக்கு மூன்றாம் வட்ட நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் வரும். 2020 வரிக்குத் தவணை ஏற்பாடு கேட்பதே வழி. வரி விதித்த நாளிலிருந்து பத்து ஆண்டுகள் வரை வசூலிக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. திவால் நடக்கும் காலம் அந்தப் பத்தாண்டில் சேராது.

கடை நடத்தியவர் என்பதால் ஒன்று கேட்கிறேன்: வாடிக்கையாளரிடம் வாங்கிய விற்பனை வரியையும், ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரியையும் கட்டிவிட்டீர்களா? அவை பிறர் பணமாகக் கருதப்படுவதால், எவ்வளவு பழையதானாலும் திவாலில் தீராது.

சொந்த வீடு இருந்தால், மனு போடுவதற்கு முன் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) பதிவகத்தில் ஐ.ஆர்.எஸ். அதன்மேல் வரிப் பற்றுரிமை பதிவு செய்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பதிவாகியிருந்தால், உங்கள்மீதான கடன் தள்ளுபடியான பின்னும் அந்தப் பற்று வீட்டின்மேல் நீடிக்கும். வீட்டை விற்கும்போது அதைத் தீர்த்த பிறகே மிச்சம் உங்கள் கைக்கு வரும்.