பெயர் வேறு, மருந்து ஒன்றா? மூட்டு வலி மாத்திரைகள் பற்றிய கேள்விகள்

கேள்வி: வணக்கம் ஐயா. அம்மாவுக்கு 68 வயது. முழங்கால் தேய்மானத்துக்கு எலும்பு மருத்துவர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, தினமும் போட்டு வருகிறார். போன வாரம் பல் வலிக்கு வேறொரு மருத்துவர் இன்னொரு மாத்திரை கொடுத்தார். முழங்காலில் தடவ நானாக ஒரு ஜெல் வாங்கி வந்தேன். மூன்றின் பெயரும் வேறு வேறு. அட்டையில் உள்ள சிறிய எழுத்தையும் எழுதி அனுப்பியிருக்கிறேன். மூன்றையும் சேர்த்துப் பயன்படுத்தலாமா?

பதில்: அந்தச் சிறிய எழுத்தை எழுதி அனுப்பினீர்களே, அதுதான் நல்ல காரியம். அட்டையில் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். மருந்தின் பெயர் அதற்குக் கீழே, கண்ணாடி போட்டால்தான் தெரியும் அளவில் இருக்கும். நீங்கள் அனுப்பியதைப் பாருங்கள். முதல் அட்டையில் அசெக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும். பல் வலி மாத்திரையில் டைக்ளோஃபெனாக். ஜெல்லிலும் அதே டைக்ளோஃபெனாக். அசெக்ளோஃபெனாக் வேறு மருந்துபோலத் தெரிந்தாலும் டைக்ளோஃபெனாக்கின் நெருங்கிய உறவு. உடலுக்குள் போனதும் அதன் ஒரு சிறு பகுதி டைக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது. ஆக, அம்மா ஏறக்குறைய ஒரே மருந்தை மூன்று பெயரில் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

சேர்க்கக் கூடாது. பல் வலி மாத்திரையை நிறுத்தி வைத்துவிட்டு, இன்றே இரண்டு மருத்துவர்களில் ஒருவரிடம் பேசுங்கள். ஓர் அளவுக்கு மேல் போனால் இந்த மருந்துகளால் வலி கூடுதலாகக் குறையாது. வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் ஏற்படும் கெடுதல் மட்டும் கூடிக்கொண்டே போகும்.

ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், மெலாக்சிகாம், பைராக்சிகாம், இன்டோமெதாசின், செலிகாக்சிப், எட்டோரிகாக்சிப் எல்லாம் ஒரே குடும்பம். வீட்டு மருந்துப் பெட்டியின் மூடியில் இந்தப் பெயர்களை எழுதி ஒட்டிவிடுங்கள். ஒரே சமயத்தில் இவற்றில் ஒன்றுதான் நடக்க வேண்டும். பாராசிட்டமால் இந்தக் குடும்பம் இல்லை. அது வீக்கத்தைக் குறைக்காது, வலியை மட்டும் கொஞ்சம் தணிக்கும். ஆனால் கூட்டு மாத்திரைகளிலும் சளி மாத்திரைகளிலும் அது ஒளிந்திருக்கும். பெரியவர்களுக்கு எல்லா வழியிலும் சேர்த்து ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. உடல் மெலிந்தவர்களுக்கும் ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் மருத்துவர் அதையும் குறைப்பார்.

ஜெல்லைக் குறை சொல்லவில்லை. முழங்கால், கைவிரல் தேய்மானத்துக்கு மாத்திரையைவிட ஜெல்லில் தொடங்குவதே நல்லது என்பது என் கட்சி. டைக்ளோஃபெனாக் ஜெல்லைத் தடவினால் ரத்தத்தில் சேருவது, மாத்திரையால் சேருவதில் சுமார் 6 சதவீதம்தான். ஆனால் பலரும் பொட்டு வைப்பதுபோல் துளி தடவிவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்கிறார்கள். சில ஜெல்களோடு அளவு குறித்த ஒரு அட்டை வரும்; அதைத் தூக்கிப் போடாமல், அதில் உள்ள கோடு வரை பிதுக்கித் தடவ வேண்டும். அதன் மேல் கட்டுப் போடுவதும் வெந்நீர்ப் பை வைப்பதும் வேண்டாம். மருந்து அதிகமாக உள்ளே போய்விடும். இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் அங்கே ஜெல் எடுபடுவதில்லை. மாத்திரையும் போட்டு ஜெல்லும் தடவுவதாக இருந்தால் மருத்துவருக்குத் தெரிந்தே நடக்க வேண்டும்.

கேள்வி: நான் எப்போதும் சாப்பிட்ட பிறகுதான் வலி மாத்திரை போடுகிறேன். கூடவே கேஸ் மாத்திரையும் உண்டு. ரத்தக் கொதிப்புக்கு ஒரு மாத்திரை, கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை, இதயத்துக்குச் சின்ன ஆஸ்பிரின் ஆகியவையும் எடுக்கிறேன். வயிறு நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம் என்ன பயம்?

பதில்: பயப்பட வேண்டியது வயிற்றுக்காக மட்டுமில்லை. உங்கள் பட்டியலைப் பார்த்தால் எனக்குக் கவலை சிறுநீரகத்தைப் பற்றித்தான்.

வீக்கத்தை உண்டாக்கும் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாகாமல் தடுப்பதுதான் இந்த மாத்திரைகளின் வேலை. 1971-இல் ஜான் வேன் கண்டுபிடித்துச் சொன்ன விஷயம் இது. 1982-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். சிக்கல் என்னவென்றால், அதே பொருள்தான் வயிற்றின் உள்சுவரைக் காக்கிறது, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாயையும் விரித்து வைக்கிறது. மூட்டில் அதை அடைத்தால் மற்ற இரண்டு இடங்களிலும் அடைபடும். அதனால்தான் ஊசியாகப் போட்டாலும், வயிற்றில் கரையாதபடி மேல்பூச்சுப் பூசிய மாத்திரையாக விழுங்கினாலும் வயிற்றுப் புண் வரலாம். சாப்பிட்ட பிறகு போட்டால் எரிச்சல் குறையும். புண்ணைத் தடுக்கும் என்று நம்ப முடியாது.

ஓமெப்ரசோல் போன்ற கேஸ் மாத்திரை வயிற்றை நன்றாகவே காப்பாற்றுகிறது. சிறுநீரகத்தையும் இதயத்தையும் அது காப்பாற்றுவதில்லை. ரத்தக் கொதிப்பு மாத்திரைகளில் ‘பிரில்’ என்று முடிபவை (எனலாப்ரில், ராமிப்ரில்), ‘சார்டன்’ என்று முடிபவை (லோசார்டன், டெல்மிசார்டன்) என இரு வகை உண்டு. உங்களுடையது அப்படி முடிகிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று, அதோடு நீர் மாத்திரை, அதற்கு மேல் வலி மாத்திரை என மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று சுணங்கிப் போகலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல் என்று உடலில் நீர் வற்றும் நாட்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அந்த நாட்களில் வலி மாத்திரையை நிறுத்திவிட்டு, மற்ற இரண்டையும் என்ன செய்வது என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை கடைசியாக எப்போது செய்தீர்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள். ஞாபகம் வரவில்லை என்றால் செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது. ரத்த அழுத்தத்தையும் அளந்து பாருங்கள். வலி மாத்திரையால் அது ஏறுவதும், கொதிப்பு மாத்திரை சரியாக வேலை செய்யவில்லை என்று அதன் அளவைக் கூட்டுவதும் சாதாரணமாக நடக்கிறது.

ஆஸ்பிரின் விஷயம் தனி. உங்கள் வலி மாத்திரை ஐபுப்ரோஃபென் என்றால், ரத்தம் உறையாமல் காக்கும் ஆஸ்பிரினின் வேலையை அது கெடுத்துவிடலாம். மேல்பூச்சில்லாத சாதாரண ஆஸ்பிரினைப் போட்டு அரை மணி நேரமாவது கழித்து ஐபுப்ரோஃபெனை எடுக்க வேண்டும். அல்லது ஆஸ்பிரினுக்கு 8 மணி நேரம் முன்பே எடுத்துவிட வேண்டும். மேல்பூச்சு ஆஸ்பிரின் என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது, மருத்துவரைக் கேளுங்கள். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

வயிறு நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். புண் பல பேருக்குச் சொல்லாமல்தான் வருகிறது. மலம் தார்போல் கறுத்துப் பிசுபிசுவென்று போனாலோ, வாந்தியில் ரத்தமோ காப்பிப் பொடி நிறமோ தெரிந்தாலோ மறுநாள் பார்க்கலாம் என்று விடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதை நீங்களே முடிவு செய்ய வேண்டாம்.

கேள்வி: ‘காக்சிப்’ என்று முடியும் புது வகை மாத்திரை வயிற்றைக் கெடுக்காது, அதனால் பழையதைவிட நல்லது என்று கடையில் சொல்கிறார்கள். மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: முதல் பாதி சரி. வயிற்றுப் புண் அவற்றால் குறைவுதான். ‘அதனால் நல்லது’ என்பது யாருக்கு என்பதைப் பொறுத்தது. 1999-இல் விற்பனைக்கு வந்த ரோஃபெகாக்சிப், வயாக்ஸ் என்ற பெயரில் சக்கைப்போடு போட்டது. பெருங்குடல் கட்டிகளைத் தடுக்குமா என்று பார்க்க நடந்த ஓர் ஆய்வில், 18 மாதங்களுக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது தெரிந்தது. 2004 செப்டம்பர் 30 அன்று அதைத் தயாரித்த மெர்க் நிறுவனமே அதை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. பிறகு பார்த்தால் பழைய மாத்திரைகளுக்கும் இந்தக் குறை இருந்தது. பயன்படுத்தத் தொடங்கிய சில வாரங்களிலேயே ஆபத்து வரலாம் என்று 2015-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது.

வயிற்றுப் புண் வந்து போனவருக்குக் காக்சிப் பொருந்தலாம். மாரடைப்பு வந்தவருக்கு அதே மாத்திரை வினையாகலாம். எட்டோரிகாக்சிப்பை, ரத்த அழுத்தம் 140/90-க்கு மேலேயே நிற்பவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. கடைக்காரருக்கு உங்கள் ரத்த அழுத்தம் தெரியாதே!

கேள்வி: பழைய மருந்துச் சீட்டைக் காட்டி அதே மாத்திரையைத் திரும்பத் திரும்ப வாங்கலாமா? எனக்கு முடக்குவாதம்.

பதில்: வேண்டாம். சீட்டில் எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறதோ அத்தனை நாள்தான். உங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. முடக்குவாதத்தில் இந்த மாத்திரை வலியை அமுக்கும், மூட்டு அரித்துப் போவதை நிறுத்தாது. அதை நிறுத்தப் பார்ப்பது மெத்தோட்ரெக்சேட் போன்ற வேறு மருந்துகள். வலி இல்லையே என்று நாள் கடத்தினால் உள்ளே விரல் மூட்டு கோணிக்கொண்டிருக்கும். மெத்தோட்ரெக்சேட் ஏற்கெனவே எடுக்கிறீர்கள் என்றால், வலி மாத்திரையும் சேர்வதை அந்த மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வி: பக்க விளைவே இல்லாத மூலிகை மாத்திரை என்று ஒருவர் இணையத்தில் விற்கிறார். அப்பாவுக்கு இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது. மூன்று மாதமாகச் சாப்பிடுகிறார், முகம்கூடப் பூரித்திருக்கிறது. தொடரலாமா?

பதில்: இரண்டு நாள் என்பதும் முகம் பூரித்ததும் எனக்குச் சந்தோஷம் தரவில்லை. ஸ்டீராய்டு கலந்திருந்தால் இப்படித்தான் இருக்கும். 2022-இல் ஆர்ட்ரி கிங் என்ற மூட்டு வலி மாத்திரையைப் பரிசோதித்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், அட்டையில் சொல்லாத டைக்ளோஃபெனாக்கும் டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டும் அதில் இருப்பதாக எச்சரித்தது. இவை இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரும் வாய்ப்பு இன்னும் கூடும்.

அதற்காக இன்றே பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். ஸ்டீராய்டை மாதக்கணக்கில் சாப்பிட்டுத் திடீரென்று நிறுத்தினால், உடல் தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க மறந்து மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு வரை போகும். மாத்திரைப் புட்டியையும் வாங்கிய ரசீதையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள்; சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். எப்படிக் குறைப்பது என்பதை அவர் சொல்லட்டும். விற்றவர்மேல் உங்கள் பகுதி மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் புகார் கொடுங்கள். அதற்கு அந்தப் புட்டி வேண்டும், காலியானாலும் வைத்திருங்கள்.

கேள்வி: மாத்திரை பெரிதாக இருக்கிறது. உடைத்துப் போடலாமா?

பதில்: பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., இ.ஆர்., எக்ஸ்.ஆர். என்று ஏதாவது இருந்தால் உடைக்கக் கூடாது. நாள் முழுக்க மெதுவாகக் கரைய வேண்டியது ஒரே மூச்சில் இறங்கிவிடும். மேல்பூச்சு மாத்திரையும் அப்படித்தான், உடைத்தால் பூச்சுக்குப் பயன் இல்லை. நடுவில் கோடு போட்ட சாதாரண மாத்திரை என்றால் மருந்தாளுநரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உடைக்கலாம். விழுங்கவே கஷ்டமாக இருந்தால், அதே மருந்து சின்ன மாத்திரையாகவோ திரவமாகவோ கிடைக்குமா என்று கேளுங்கள். எதுவானாலும் ஒரு டம்ளர் தண்ணீர் முழுதாகக் குடித்துவிட்டு, உடனே படுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். மாத்திரை உணவுக் குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே புண்ணாகும்.