நுவரெலியாத் தேயிலையும் உரும்பிராய்க் கிணற்றுத் தண்ணீரும்

கேள்வி: கொழும்பிலிருந்து வந்த மச்சாள் நுவரெலியாத் தேயிலை இரண்டு பெட்டி தந்தா. ஒன்றில் ஓ.பி., மற்றதில் பி.ஓ.பி. என்று இருக்கிறது. நல்ல விலைச் சாமான். ஆனால் எங்கடை கிணற்றுத் தண்ணியில் போட்டால் நிறம் மங்கி, மேலே எண்ணெய் படர்ந்த மாதிரி ஒரு ஆடை நிற்கிறது. பால்மா கலந்தால் சாம்பல் நிறம், ருசியும் இல்லை. சந்திக் கடையில் வாங்கும் தூள் தேயிலை இதைவிட எவ்வளவோ மேல். மச்சாளை ஏமாற்றிப்போட்டாங்களோ? இன்னொன்று: அம்மா பனங்கட்டி கடித்துத்தான் தேத்தண்ணி குடிப்பா. அவவுக்கு இரத்தச்சோகை இருக்கு. குடிக்கலாமோ?
— ஒரு வாசகி, உரும்பிராய்

பதில்: மச்சாளை யாரும் ஏமாற்றியதாகத் தெரியவில்லை, சகோதரி. நீங்கள் சொல்லும் மூன்று அறிகுறிகளில் மங்கலும் ஆடையும் தண்ணீரின் வேலை. பால் விட்டதும் ருசி காணாமற் போவது, அந்தத் தேயிலை பாலுக்கு ஏற்றதல்ல என்பதால்.

முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். பால், சீனி எதுவும் இல்லாமல் ஒரு கோப்பை சாயம் ஊற்றி, ஆடை படர்ந்ததும் நாலைந்து துளி தேசிக்காய்ப்புளி விடுங்கள். ஆடை கலைந்து நிறம் தெளிந்து சிவந்தால் குற்றவாளி தண்ணீர்தான். அதே தேயிலையைப் போத்தல் தண்ணீரில் ஒருமுறை ஊற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சந்தேகமே இராது.

நமது யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருப்பவை. மழைநீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. கேத்திலின் உட்புறம் வெள்ளையாகப் படிவது இந்தச் சுண்ணாம்புதான். தேயிலையின் துவர்ப்புச் சத்தும் இந்தச் சுண்ணாம்பும் காற்றுப்படும் மேற்பரப்பில் சேரும்போது ஆடை கட்டுகிறது. வாசனையும் அமுங்கிவிடுகிறது. மலைநாட்டு மென்மையான தண்ணீரில் பொன்னிறமாக வரும் இலை இங்கே மண்ணிறமாக வருவது இதனால்தான்.

இதற்குச் செலவில்லாத வழி உண்டு. இரவில் இரண்டு லீற்றர் தண்ணீரை அகலமான பாத்திரத்தில், மூடாமல், பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். ஆறியபின் மூடி விடியும்வரை அசையாமல் வையுங்கள். சுண்ணாம்பில் ஒரு பகுதி அடியில் படியும். காலையில் மேல் தண்ணீரை மட்டும் மெல்லச் சரித்தெடுத்து, அடியில் இரண்டு விரல் உயரத்தை விட்டுவிடுங்கள். எடுத்ததை மீண்டும் கொதிக்கவைத்துத் தேத்தண்ணி போடலாம். ஒருமுறை கொதித்த தண்ணீர் தேத்தண்ணிக்கு ஆகாது என்பார்கள். நமது தண்ணீருக்கு அந்த விதியைப் பார்க்க வேண்டாம், சுண்ணாம்பு குறைவதால் கிடைக்கும் நன்மை பெரிது. ஆனால் உவர்த் தண்ணீருக்கு இந்த வழி உதவாது. உப்புக் கொதித்துப் போகாது. தீவுப்பகுதியில் உள்ளவர்கள் மாரியில் சேர்த்த மழைத்தண்ணீரையோ, வடிகட்டி விற்கும் குடிதண்ணீரையோதான் பாவிக்கவேண்டும். வடிகட்டிய தண்ணீரில் சாயம் சட்டென இறங்கும், ஆகவே ஊறும் நேரத்தை ஒரு நிமிடம் குறையுங்கள்.

இனித் தேயிலைக்கு வருவோம். பெட்டியில் உள்ள எழுத்துகள் தரத்தையோ சுவையையோ சொல்வன அல்ல, இலையின் பருமனைச் சொல்பவை. ஓ.பி. என்பது நீளமாகச் சுருண்ட முழு இலை. பி.ஓ.பி. அதன் உடைசல். பி.ஓ.பி.எஃப். இன்னும் பொடியானது. எல்லாவற்றுக்கும் கடைசியில் சலிப்பது டஸ்ற், அதாவது உங்கள் சந்திக் கடைத் தூள். அதைக் கழிவென்று நினைக்கவேண்டாம். அதே இலையின் சிறு துணுக்குகள்தான். பொடியாக இருப்பதால் தண்ணீர் படும் பரப்புக் கூட, சாயம் விரைவாகவும் கனமாகவும் இறங்குகிறது.

பருமனைவிட முக்கியமானது விளைந்த உயரம். இலங்கையில் 600 மீற்றருக்குக் கீழ் விளைவது தாழ்நிலத் தேயிலை, 1200 மீற்றருக்கு மேல் விளைவது உயர்நிலத் தேயிலை. நுவரெலியா 1800 மீற்றரையும் தாண்டியது. அந்தக் குளிரில் கொழுந்து மெல்ல வளர்கிறது. நிறம் வெளிறி, வாசனை கூடி நிற்கும். அதற்குமேல் பால்மா போட்டால் பாலின் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ள, மெல்லிய வாசனையும் மூடுண்டு போகும். இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை கறுத்துக் கனத்த சாயம் தரும். பாலும் சீனியும் தாங்கும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டுமென்றால் மலைநாட்டுத் திம்புள்ளைப் பகுதித் தேயிலை நல்லது. இங்கே சோளகம் வீசும் ஆடி, ஆவணியில் ஊவா மலைச்சரிவுகளில் வறண்ட காற்று அடிக்கும். அப்போது பறித்த ஊவாத் தேயிலைக்கு ஒரு குளிர்ந்த காரவாசனை உண்டு. கிடைத்தால் விடாதீர்கள்.

ஆகவே மச்சாள் தந்ததை வெறுந்தேத்தண்ணியாகக் குடியுங்கள். 200 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 2 முதல் 2.5 கிராம் போதும். பி.ஓ.பி. என்றால் ஏறக்குறைய ஒரு தட்டைத் தேக்கரண்டி, ஓ.பி. பாரமற்றது, நன்றாகக் குவித்துப் போடுங்கள். கொதிக்கும் தண்ணீரை இலைமேல் ஊற்றி மூடி, பி.ஓ.பி.யை மூன்று நிமிடமும் ஓ.பி.யை ஐந்து நிமிடமும் விட்டு வடியுங்கள். அடுப்பில் வைத்து இலையைக் காய்ச்சவேண்டாம். சாயம் காணாதென்றால் இலையைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டினால் கசப்புத்தான் கூடும். வடியில் கரண்டியால் அழுத்திப் பிழிவதும் அப்படித்தான்.

பால் தேத்தண்ணிக்குச் சந்திக் கடைத் தூளே சரி. 150 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 3 கிராம், இரண்டரை நிமிடம். பால்மாவையும் சீனியையும் முதலில் வெறுமனே கலந்து, இரண்டு மேசைக்கரண்டி இளஞ்சூட்டுத் தண்ணீரில் களியாகக் குழைத்துவிட்டுச் சாயத்தை ஊற்றி ஆற்றினால் கட்டி படாது. கொதிசாயத்தை நேரே மாவில் ஊற்றுவதால்தான் கட்டிபடுகிறது. ஆட்டுப்பால் என்றால் தனியே காய்ச்சிக் கடைசியில் சேருங்கள். சாயத்தோடு நெடுநேரம் கொதித்தால் திரையக்கூடும். இஞ்சி போடுபவர்கள் அதைத் தண்ணீரிலேயே ஐந்து நிமிடம் அவியவிடவேண்டும். பச்சை இஞ்சியில் பாலைத் திரையவைக்கும் சத்து ஒன்று உண்டு. அவிந்தால் அது செயலிழந்துவிடும்.

அம்மா பனங்கட்டியைக் கடித்துக் குடிப்பதை மாற்றச் சொல்லவேண்டாம், அதுவே சிறந்த முறை. பதநீரில் சேர்த்த சுண்ணாம்பு பனங்கட்டியில் சற்று மிஞ்சியிருந்தாலும் சாயம் கறுத்துப்போகும். வாயில் வைத்துக் குடித்தால் சாயமும் கெடாது, இனிப்பும் குறைவாகவே செலவாகும். ஆனால் நேரத்தைக் கவனியுங்கள். தேயிலையின் துவர்ப்புச் சத்து சாப்பாட்டிலுள்ள இரும்பை, முக்கியமாகக் கீரையிலும் பருப்பிலும் உள்ளதை, உடம்பு எடுக்கவிடாமல் தடுக்கும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் குறைந்தது ஒரு மணித்தியாலம் விடுங்கள். இரும்புக் குளிசை எடுக்கிறாவென்றால் அதைத் தேத்தண்ணியோடு விழுங்கவே கூடாது. பதினொரு மணிக்கும் பின்னேரம் நாலு மணிக்கும் குடித்தால் பொருந்தும். எவ்வளவு குடிக்கலாம் என்பதை அவவின் டொக்டரிடம் கேளுங்கள்.

பெட்டிகளைத் திறந்தபின் தேயிலையைக் காற்றுப்புகாத தகரப்பேணியில் போட்டு, மிளகாய்த்தூளும் கருவாடும் இல்லாத தட்டில் வையுங்கள். தேயிலை அயல் மணத்தை உடனே இழுத்துக்கொள்ளும்.