ஜி84 டேப்பிங் சுழற்சியில் எஃப் மதிப்பு 1.5-ஆ, 750-ஆ?

ஜி84 என்பது சி.என்.சி. இயந்திரத்தில் துளைக்குள் மரை வெட்டும் (டேப்பிங்) கட்டளை. கையேடு அதிலுள்ள எஃப் என்பதை வெறுமனே "ஃபீட்" (கருவி முன்னேறும் வீதம்) என்று சொல்லி நிறுத்திவிடுவதால்தான் இந்தக் குழப்பம் எழுகிறது. ஃபானுக் கட்டுப்பாட்டகம் கொண்ட மில்லிங் இயந்திரத்தில், எம்10 (10 மி.மீ. விட்ட) மரைக்கு, நீங்கள் கேட்ட இரு மதிப்புகளுமே பொருந்தக்கூடும். ஜி94 நடப்பிலிருந்தால் எஃப் நிமிடத்துக்கான மில்லிமீட்டரைக் குறிப்பதால், 1.5 மி.மீ. பிட்சை (அடுத்தடுத்த மரை இழைகளின் இடைவெளியை), சுழல்வேகம் 500 ஆர்.பி.எம். என்றால், அந்த 500-ஆல் பெருக்கி 750 என இட வேண்டும். ஜி95 நடப்பிலிருந்தால் ஒரு சுற்றுக்கான நகர்வாகிய பிட்சையே, அதாவது 1.5 என்றே, இட வேண்டும். ஜி94-இல் எஸ் மதிப்பை (சுழல்வேகத்தை) மட்டும் மாற்றிவிட்டு எஃப்பை மறந்தால் மரை கெடும், மரை வெட்டும் கருவியான டேப்பும் உடையலாம் என்பதால் நான் ஜி95-ஐயே பரிந்துரைப்பேன். ஆனால் ஜி80 கொடுத்துச் சுழற்சியை முடித்ததும் ஜி94-க்குத் திரும்பாவிட்டால், அடுத்த மில்லிங் வரியிலுள்ள எஃப்200 சுற்றுக்கு 200 மி.மீ. என்றாகிவிடும். டேப்பிங்கின்போது ஃபீட்டைக் கூட்டிக் குறைக்கும் ஓவர்ரைடு குமிழ் பலிக்காததும் பழுதன்று. சுழற்சியின் அமைப்பே அதுதான்.