மேல் வளிமண்டலத்து ஈர்ப்பு அலைகளைக் கணக்கில் எப்படிக் கொண்டுவருகிறார்கள்? அமெரிக்காவின் லைகோ ஆய்வகம் கண்டுபிடித்ததும் இதுதானா?

இல்லை. 2015-இல் லைகோவில் சிக்கியது காலவெளியின் அதிர்வு. நீங்கள் கேட்பது வெறும் காற்றில் எழும் அலை. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் விழுந்துவிட்டது.

மலையில் மோதியோ இடிமேகம் தள்ளியோ மேலே போன காற்று, சுற்றியிருப்பதைவிடக் கனமாக இருப்பதால் கீழே இறங்கும். இறங்கிய வேகத்தில் தன் இடத்தைத் தாண்டிவிடும், அப்புறம் மறுபடி ஏறும். 90 கி.மீ. உயரத்தில் இந்த ஊசலாட்டத்துக்கு ஐந்து நிமிடம் போல ஆகும்.

சமன்பாடுகள் பழையவைதான்: நிறை, உந்தம், ஆற்றல். சராசரி ஓட்டம், அதன்மேல் சிறு ஆட்டம் என்று பிரித்து, ஆட்டத்தின் இருமடி உறுப்புகளை விட்டுவிட்டால் அலைநீளத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் உள்ள உறவு கிடைக்கும். 1960-இல் இயற்பியலாளர் காலின் ஹைன்ஸ் இதை வைத்துத்தான் அயனி மண்டலத்தில் (மின்னூட்டத் துகள்கள் நிறைந்த மேலடுக்கில்) தெரிந்த ஆட்டங்களை விளக்கினார்.

சிக்கல் அடர்த்தியில் இருக்கிறது. 90 கி.மீ.யில் காற்று தரையில் இருப்பதைவிட மூன்று லட்சம் மடங்குக்கு மேல் லேசு. ஆற்றல் குறையாமல் போனால் வீச்சு 600 மடங்கு பெருக வேண்டும். கீழே நொடிக்கு 10 செ.மீ. ஆடியது அங்கே 60 மீட்டர்! அப்புறம் அது எங்கே சிறு ஆட்டம்? வழியிலேயே கடலலை போல உடைகிறது. உடையும் நிலையை எட்டியதும் வீச்சை அதற்குமேல் வளரவிடாதே என்றார் வளிமண்டல இயற்பியலாளர் லிண்ட்சன் (1981). காலநிலை மாதிரிகள் காற்றைப் பெரிய பெரிய கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன; அதில் தெரியாத சிறு அலைகளை இன்றும் இதுபோன்ற விதிகளால்தான் சமாளிக்கின்றன. உடைந்த அலை விட்டுச்செல்லும் உந்தம் காற்றோட்டத்தையே திருப்பிவிடும். சூரியன் மறையாத துருவக் கோடையில் அந்த உயரம் −140 டிகிரிக்குக் குளிர்வது இதனால்தான்.

எம்.எஸ்சி. ப்ராஜெக்டில் இந்த அலைகளைக் கணக்கிட நான் எழுதிய நிரலில் அழகான அலைப் பட்டைகள் வந்து அசையாமல் நின்றன. ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்று சாரிடம் ஓடினேன். பத்து நொடி பார்த்துவிட்டு, "தம்பி, மூடி எங்கே வச்சிருக்கே?" என்றார்.

என் கணக்கின் மேல் எல்லையான 120 கி.மீ.யில் செங்குத்து வேகம் சுழியம் என்று எழுதியிருந்தேன். அலை அங்கே முட்டித் திரும்பிக்கொண்டிருந்தது. 100-க்கு மேல் தடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஒரு ஸ்பாஞ்ச் அடுக்கு வைத்தேன். பட்டைகள் மெல்லக் கீழே இறங்க ஆரம்பித்தன. அப்படித்தான் இறங்க வேண்டும்: இந்த அலைகளில் ஆற்றல் மேலே போனால் முகடுகள் கீழே வரும்.