ஐடியூன்ஸில் வாங்கிய பழைய பாடல்கள் பிற கருவிகளில் ஒலிக்காதது ஏன்? அவற்றை எம்பி3 ஆக மாற்ற முடியுமா?

2003இல் தொடங்கிய ஆப்பிளின் இணைய இசைக் கடையான ஐடியூன்ஸ் கடை, 2009 வரை விற்ற பாடல்களில் பெரும்பாலானவற்றை ஃபேர்பிளே என்னும் நகல் தடுப்புப் பூட்டுடன், நொடிக்கு 128 கிலோபிட் தரத்தில், எம்4பி (.m4p) கோப்புகளாகவே வழங்கியது. அப்பூட்டின் சாவி வாங்கியவரின் ஆப்பிள் கணக்கோடு பிணைந்திருப்பதால், அனுமதி பெற்ற கணினிகளையும் ஐபாடு போன்ற ஆப்பிள் கருவிகளையும் தவிர மற்றவை பொதுவாக அவற்றை இசைப்பதில்லை. ஐடியூன்ஸ் மென்பொருளிலேயே உள்ள எம்பி3 மாற்றியும் இக்கோப்புகளை ஏற்காது.

ஆப்பிளே அனுமதித்த வழி, பாடல்களை ஆடியோ சிடியில் பதிந்து, அதிலிருந்து எம்பி3 ஆகத் திரும்ப எடுப்பதுதான். ஒரே பட்டியலை 7 முறை மட்டுமே பதியலாம் என்ற வரம்பு சொந்தப் பயன்பாட்டுக்குத் தாராளம். ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஒலி மறுபடியும் சுருக்கப்படுவதால் தரம் சற்றுக் குறையும்; தொகுப்பு பெரிதென்றால் பொறுமையும் குறையும். சந்தா சேவையான ஆப்பிள் மியூசிக்கில் இறக்கிய பாடல்களைச் சிடியில் பதிய இயலாது என்பதால், அவற்றுக்கு இவ்வழி பொருந்தாது.