மறுபயன்பாட்டு கூரியர் பைகள் சுற்றுச்சூழலுக்கு உண்மையிலேயே நல்லதா?

திரும்பி வந்தால் நல்லது. வராவிட்டால் சாதாரண கவரைவிட மோசம்.

சாதாரண பாலித்தீன் கவர் 15 கிராம், ஜிப் வைத்த தடிமனான பாலிப்ரொப்பிலீன் பை 150 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலப்பொருளை மட்டும் பார்த்தாலே அந்தப் பை 10 முறை போய்வர வேண்டும். அனுப்பியதில் 75 சதவீதம் திரும்பினால் ஒரு பை சராசரியாக 4 முறைதான் உழைக்கும். 90 என்றால் 10 முறை, 95 என்றால் 20. அந்தக் கடைசி 5 சதவீதத்தில்தான் ஆயுள் இரட்டிப்பாகிறது. கனமான அட்டைப்பெட்டிக்குப் பதிலாக என்றால் சில சுற்றிலேயே ஈடாகிவிடும்.

திரும்பி வரும் வழியும் முக்கியம். பின்லாந்தின் ரீபேக் என்ற நிறுவனத்தின் மறுபயன்பாட்டுப் பையை மடித்தால் கடித அளவுக்குச் சுருங்கும். தபால்பெட்டியில் போட்டால் போதும், எப்படியும் ஓடும் தபால் வண்டியிலேயே வந்துவிடும். இதற்கென்றே ஒருவர் 2 கி.மீ. தள்ளியிருக்கும் கடைக்கு ஸ்கூட்டரில் போய்வந்தால்? லிட்டருக்கு 45 கி.மீ. என்றாலும் கிட்டத்தட்ட 90 மி.லி. பெட்ரோல், சுமார் 200 கிராம் கார்பன் டைஆக்சைடு. 15 கிராம் கவருக்கான பிளாஸ்டிக்கைத் தயாரிப்பதில் வெளியாவது ஏறக்குறைய 30 கிராம்தான்! நம் ஊரில் டெலிவரிக்கு வருபவரே பொருளை எடுத்துக் கொடுத்துவிட்டு வெறும் பையை வாங்கிக்கொண்டு போவதுதான் சரிப்படும். வீட்டில் ஆள் இல்லாமல் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனால் அந்தப் பையை மறந்துவிட வேண்டியதுதான்.

பை கெடுவது பெரும்பாலும் துணி கிழிந்து அல்ல. ஜிப்பின் ஓட்டி கழன்றுவிடும், வெல்க்ரோவில் நூலும் தூசியும் அடைத்துப் பிடிப்பு போய்விடும். முகவரி ஸ்டிக்கரை நேரடியாக ஒட்டினால் உரித்த இடத்தில் பசை நின்று, அடுத்த சுற்றில் மண்ணெல்லாம் அப்பிக்கொள்ளும். பழைய பார்கோடு மிச்சமிருந்தால் ஸ்கேனரும் குழம்பும். சீட்டு செருகும் ஒளிபுகும் பாக்கெட் வைத்த பையாக வாங்குங்கள். ஈரத்துணியால் துடைத்தாலே போதும். ஒவ்வொரு முறையும் வெந்நீரில் அலசினால் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும்.

எண்ணிக்கையிலும் ஏமாறக் கூடாது. தினம் 100 பார்சல், பை திரும்ப 30 நாள் என்றால் கையில் 3,000 பை வேண்டும். 10 நாளில் வந்தால் 1,000 போதும். வாங்கும்போதே ஒரு தொகையை முன்பணமாகப் பிடித்து, பை வந்ததும் திருப்பித் தருவது வேகத்தைக் கூட்டும்.

வெளிமாநிலத்துக்கு எப்போதாவது அனுப்பும் சின்னக் கடைக்கு இதெல்லாம் ஒத்துவராது. பொருளுக்குச் சரியான அளவில், ஏற்கெனவே வந்த அட்டைப்பெட்டியையே பழைய சீட்டைக் கிழித்துவிட்டு மறுபடி அனுப்பலாம்.